வழி விட்ட வயல்கள்

லங்காஸ்டரிலிருந்து லீட்ஸ் போகும் ரயிலுக்கு இரண்டே பெட்டிகள். எதற்கும் அவசரப்படாத ரயில். கார்ன்ஃபோர்த்தில் கேமராவும் கையுமாகச் சிலர் இறங்கினார்கள். டேவிட் லீனின் ‘பிரீஃப் என்கவுன்டர்’ 1945இல் படமாக்கப்பட்ட நிலையம் அது. அந்த நடைமேடைக் கடிகாரத்தின் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்ள இன்றும் ஆள் வருகிறது. அதைத் தாண்டியதும் லூன் ஆற்றுப் பள்ளத்தாக்கு விரிகிறது. இரண்டு பக்கமும் புல்வெளி, புல்வெளி முழுக்க ஆடு, ஆட்டு மந்தைகளுக்கு நடுவே காரை பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்கள். கிழக்கே தலை தட்டையான இங்கிள்பரோ மலை மேகத்துக்குள் பாதி மறைந்திருந்தது. மழை விட்டிருந்தது என்று சொல்ல மனம் வரவில்லை, அடுத்த மழைக்கு முந்தைய இடைவேளை அது.

வென்னிங்டன் நிலையத்தில் இறங்கியது நான் ஒருவன்தான். டிக்கெட் கொடுக்க ஆள் இல்லை, டீக்கடை இல்லை. கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூடக் காட்டவில்லை. ஆனால் சாலையோரத்தில் நான் கடந்துபோன கல் வீடுகள் பலவற்றுக்குள் நொடிக்கு ஒரு ஜிகாபிட் வேகத்தில் இணையம் ஓடிக்கொண்டிருந்தது. தரவிறக்கும்போது எவ்வளவு வேகமோ பதிவேற்றும்போதும் அவ்வளவே வேகம். லண்டனில் வசிக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, தன் அடுக்ககத்தில் இதில் பத்தில் ஒரு பங்குகூட வருவதில்லை என்று அலுத்துக்கொண்டார்.

இந்த இணையத்தைக் கொண்டுவந்தது பெரிய தொலைபேசி நிறுவனம் எதுவும் அல்ல, அரசும் அல்ல. ஊர்க்காரர்களே பங்கு போட்டு, ஊர்க்காரர்களே வயலில் குழி தோண்டி, குழாய் பதித்து, கண்ணாடி இழை ஓட்டிக் கட்டிய வலை இது. வட இங்கிலாந்தின் நாட்டுப்புறத்துக்கான அகலப்பட்டை என்ற பொருளில் நீண்ட பெயர் ஒன்று அதற்கு இருக்கிறது. எழுத்துகளும் எண்ணுமாக அதைச் சுருக்கி, ‘பார்ன்’ என்றே எல்லோரும் கூப்பிடுகிறார்கள். 2011இல் பதிவான சங்கம். இன்று பத்தாயிரம் இணைப்புகளைத் தாண்டிவிட்டது. லங்காஷயரில் சில ஊராட்சிகளில் தொடங்கி, கம்ப்ரியா, யார்க்‌ஷயர் என்று எல்லை தாண்டிப் போய்விட்டது.

முதலில் ரே கிராமத்துக்கு நடந்தேன். வென்னிங்டனிலிருந்து நடக்கிற தூரம்தான். நடைபாதை இல்லாத சாலை என்பதால் கார் வரும்போதெல்லாம் புல்லுக்குள் ஒதுங்க வேண்டும். இரண்டு காரணங்களுக்காக வெளியுலகம் இந்த ஊரை அறியும். 1967 ஆகஸ்டில் ரோபர்ன் ஆறு பெருகி வந்து வீடுகளை அடித்துக்கொண்டு போனது. பிறகு, ஆண்டுதோறும் மே மாத வாக்கில் நடக்கும் சோளக்கொல்லைப் பொம்மைத் திருவிழா. வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு பொம்மையைச் சோடித்து உட்கார வைப்பார்கள். மூன்றாவது காரணம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கிராமத்தைத் தேர்ந்து, வீட்டுக் கூரைகளில் கம்பியில்லா இணையக் கருவிகளைப் பொருத்திச் சோதனை செய்தார்கள். நகரத்துக்கு வெகு முன்பே கிராமத்துக்கு நல்ல இணையம் வந்த கதைகளில் அது ஒன்று.

அந்த அலைவரிசை இணையத்துக்கு மரங்கள் எமனாக வாய்த்தன. பக்கத்துப் பண்ணை ஒன்றுக்கும் கம்பத்துக்கும் இடையே நின்ற மரங்கள் வளர்ந்து, சிக்னலை மறைத்துவிட்டன. கிறிஸ் கோண்டர் என்ற பண்ணைக்காரப் பெண்மணி 2009இல் ஒரு கிலோமீட்டர் கண்ணாடி இழைக் கம்பியை விலைக்கு வாங்கினார். தன் பண்ணை டிராக்டரைக் கொண்டே வாய்க்கால் கீறி, அதைப் புதைத்து, அடுத்த பண்ணைக்கு இணைப்புக் கொடுத்தார். தொலைத்தொடர்புப் பொறியியல் படித்தவர் அல்ல அவர். ஒரு கிலோமீட்டர் முடியுமானால் ஏன் பள்ளத்தாக்கு முழுக்க முடியாது என்று கேட்கத் தொடங்கினார். பல்கலைக்கழகத்தில் வலையமைப்புப் பொறுப்பில் இருந்து வந்த பாரி ஃபோர்ட் அந்தக் கேள்விக்குக் கணக்கும் வரைபடமும் போட்டுக் கொடுத்தார். ஒருவரிடம் பிடிவாதம், மற்றவரிடம் தொழில் அறிவு. 2015இல் இருவருக்கும் எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச விருது கிடைத்தது.

எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கலாம். செம்புக் கம்பியில் வரும் இணையம் தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் போகப் போகத் தேய்ந்துகொண்டே போகும். பண்ணை வீடுகள் நிலையத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, கடைசி மின்கம்பத்துக்கும் அப்பால் இருப்பவை. அங்கே போய்ச் சேரும்போது கம்பியில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். நிறுவனங்களும் வர மாட்டா. ஒரு கிலோமீட்டருக்கு மூன்று வீடு, நான்கு வீடு என்றால் போட்ட முதலை எப்போது எடுப்பது? அதே சமயம் அரசு எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தது. மாடு ஒன்று பண்ணை மாறினால் பதிவு செய்ய வேண்டும், வரிக்கணக்கு இணையத்தில்தான். 2015இல் விவசாய மானியத்துக்கும் இணையத்திலேயே விண்ணப்பிக்கச் சொன்னார்கள். நிலத்தின் வரைபடத்தை உழவரே திரையில் வரைந்து அனுப்ப வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில் அரசின் அந்த இணையதளமே மூச்சு முட்டிப் படுத்துவிட்டதால் மறுபடி காகிதப் படிவத்துக்குத் திரும்பினார்கள். கம்பி இல்லாதவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊருக்கு வெளியே ஒரு மேய்ச்சல் நிலத்தில் புதிதாகக் குழாய் பதித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாறு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், ஒருவர் இன்னும் ஆடு வளர்ப்பவர், ஒரு தம்பதி மான்செஸ்டர் வேலையை விட்டு இங்கே வந்து குடியேறியவர்கள். சிறிய தோண்டும் இயந்திரம் ஒன்று முன்னே ஊர்ந்தது. மேலே உள்ள புல்தரையைத் தனியே வெட்டி ஓரமாக மடித்து வைக்கிறார்கள், பள்ளத்தில் விரல் கனமுள்ள ஆரஞ்சு நிறக் குழாயை இறக்குகிறார்கள், மண்ணைத் தள்ளிப் புல்தரையை மறுபடி அதே இடத்தில் அமர்த்தி மிதித்துவிடுகிறார்கள். நான் அங்கே நின்ற நேரத்தில் ஒரு வயலைக் கடந்துவிட்டார்கள். மண் இளக்கமான இடத்தில் தோண்டக்கூட வேண்டியதில்லை. எலிவளை போலத் தரைக்கடியில் துளைத்துக்கொண்டே போகும் ஒற்றைக் கொழு ஏரை டிராக்டரில் பூட்டினால் குழாயை அதுவே இழுத்துப் புதைத்துவிடும்.

கற்சுவர் குறுக்கிட்ட இடத்தில்தான் வேலையின் நுணுக்கம் தெரிந்தது. சுவரின் அடியில் இரண்டு மூன்று கற்களை உருவி, குழாயை நுழைத்து, எடுத்த கற்களை எடுத்த வரிசையிலேயே திரும்பச் சொருகினார் ஆடு வளர்ப்பவர். கல்லைக் கையில் எடுத்து ஒருமுறை புரட்டிப் பார்ப்பதோடு சரி. எந்த முகம் எங்கே பொருந்தும் என்று அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது. ஒப்பந்தக்காரனை விட்டால் சுவரை இடித்துவிட்டுப் போவான், சுவர் விழுந்தால் என் ஆடு அடுத்தவன் நிலத்தில் மேயும் என்றார். எப்போது தோண்டுவது என்பதும் அவர்களே வைத்திருக்கும் பஞ்சாங்கம்தான். வசந்தத்தில் ஆடு குட்டி போடும் வாரங்களில் யாரும் மண்வெட்டியைத் தொடுவதில்லை. புல் அறுத்துச் சேமிக்கும் கோடை நாட்களிலும் வேலை நிற்கும். கடும் மழைக்காலத்தில் இயந்திரம் இறங்கினால் நிலம் சேறாகிவிடும். இதையெல்லாம் நகரத்து அலுவலகத்தில் உட்கார்ந்து திட்டம் போடுகிறவர் அறிய வழியில்லை.

பதினோரு மணிக்குக் கேக் வந்தது. இதைச் சாதாரணமாகச் சொல்லிக் கடந்துவிட முடியாது. ‘பார்ன்’ வேலை நடக்கிற இடத்தில் கேக் இல்லாமல் இருக்காது என்று இங்கிலாந்து முழுக்கப் பெயர். மண்வெட்டி பிடிக்க முடியாத மூத்தவர்கள் கேக் செய்து அனுப்புவதைத் தங்கள் பங்கு உழைப்பாகவே நினைக்கிறார்கள். எலுமிச்சைக் கேக் ஒரு துண்டு எனக்கும் கிடைத்தது. தோண்டாமல் தின்றவன் நான் ஒருவன்தான் என்று தம்பதியில் மனைவி சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டினார்.

இந்த வயல்வழிப் பாதையில்தான் மொத்தக் கணக்கும் இருக்கிறது. கண்ணாடி இழை விலை மலிவு. கருவிகளின் விலையும் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. செலவு பிடிப்பது தோண்டுவதில்தான், அதிலும் சாலையைத் தோண்டுவதில். தாரை வெட்ட வேண்டும், போக்குவரத்தை நிறுத்த வேண்டும், நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி, பிறகு பழையபடி தார் போட்டு மூட வேண்டும். வயலில் போனால் இவை எதுவும் இல்லை. ஆனால் வயலுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். தன் நிலத்தின் வழியே கம்பியோ குழாயோ போவதற்கு உரிமையாளர் எழுதிக் கொடுக்கும் அனுமதியை ‘வேலீவ்’ என்கிறார்கள். மின்சாரக் கம்பம் நட்டாலும் தொலைபேசிக் கம்பி போனாலும் அதற்கு ஆண்டுதோறும் பணம் வாங்குவது இந்த நாட்டில் வழக்கம். ‘பார்ன்’ அதற்குக் காசு கொடுப்பதில்லை. எல்லோரும் இலவசமாக எழுதிக் கொடுத்தால்தான் திட்டம் உண்டு, ஒருவர் கேட்டாலும் கணக்கு உடைந்துவிடும் என்று முதல் நாளிலிருந்தே சொல்லிவிட்டார்கள். கொடுத்திருக்கிறார்கள், நூற்றுக்கணக்கான நில உரிமையாளர்கள்.

வரப்பு ஒரு சாண் நகர்ந்தால் மூன்று தலைமுறை வழக்கு நடத்தும் ஊர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அண்ணன் கிணற்றிலிருந்து தம்பி வயலுக்குத் தண்ணீர்க் குழாய் போக வழி கிடைக்காத கதைகள் எனக்குத் தெரியும். இங்கே மட்டும் மனிதர்கள் தங்கமானவர்களா? அப்படி ஒன்றும் இல்லை. அந்தக் கற்சுவர்களே சாட்சி. பக்கத்து வீட்டுக்காரரோடு பத்து ஆண்டுகளாகப் பேசாமல் இருப்பவர்களும் இங்கே உண்டு என்று ஆசிரியர் சொன்னார். அப்படிப்பட்ட ஒருவர், தன் நிலத்தின் வழியே போனால்தான் அந்தப் பகையாளிக்கு இணைப்புக் கிடைக்கும் என்று தெரிந்தும் கையெழுத்துப் போட்டாராம். ஏன் என்று கேட்டேன். ‘அவன் இணைப்பு வாங்கினால் என் பங்குக்கு வட்டி வரும்’ என்றாராம் அந்த மனிதர்.

பங்கு விவகாரத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ‘பார்ன்’ சட்டப்படி ஒரு சமுதாய நலச் சங்கம். ஒரு பங்கின் விலை ஒரு பவுண்டு, இன்றைக்கு நூறு ரூபாய்க்கு மேல். குறைந்தது நூறு பங்கு வாங்க வேண்டும். பங்குச் சந்தையில் அதை விற்க முடியாது, அதன் விலை ஏறவும் ஏறாது. ஒரு பவுண்டுக்கு வாங்கியது என்றும் ஒரு பவுண்டுதான். சில ஆண்டுகள் பொறுத்த பிறகு ஐந்து விழுக்காடு வட்டி என்று தொடக்கத்தில் அறிவித்தார்கள், வேண்டுமானால் சங்கத்திடமே திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம். நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்கு, ஐம்பதாயிரம் பவுண்டு போட்டவருக்கும் ஒரே வாக்கு. பணம் இல்லாதவர் உழைப்பைப் போடலாம். தோண்டுகிற ஒவ்வொரு மீட்டருக்கும் ஒன்றரை பவுண்டு என்று கணக்கிட்டு, அதைப் பங்காக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அந்த முதல் ஆண்டுகளில் இருந்தது. தன் நிலத்தில் தானே குழாய் பதித்து, அந்தக் கூலியையே பங்காக்கிக்கொண்ட உழவர்கள் பலர். இணைப்புக் கட்டணம் தொடக்கத்தில் 150 பவுண்டு. மாதத்துக்கு முதலில் 30, பிறகு 33. பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் இலவசம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி, இந்தச் சங்கத்தின் சொத்தை உறுப்பினர்களே நினைத்தாலும் விற்றுப் பங்கு போட்டுக்கொள்ள முடியாது என்பது. சொத்து சமுதாய நலனுக்கென்று சட்டத்தால் பூட்டப்பட்டது. இந்த ஒரு பூட்டு இல்லாவிட்டால் அந்த இலவசக் கையெழுத்துகளில் பாதிகூட வந்திருக்காது என்று நினைக்கிறேன். அண்டை வீட்டுக்காக நான் வழி விடுவேன். நாளைக்கு அந்த வழியைச் சேர்த்துக் கட்டி ஒரு நிறுவனம் யாருக்கோ விற்கப்போகிறது என்று தெரிந்தால் இன்றைக்கே வாடகை கேட்பேன். தாராள மனதைப் பற்றிய பேச்சு இது என்று எனக்குத் தோன்றவில்லை. தன் தாராளத்தை வேறொருவன் காசாக்க முடியாது என்ற உறுதி கிடைத்தால் சாதாரண மனிதர்களே போதும்.

மெல்லிங் கிராமத்தில் பழைய ரயில் முற்றத்தில் இருக்கிறது சங்கத்தின் அலுவலகம். 1952இல் மூடப்பட்ட நிலையம் அது. இங்கே இழை இணைக்கும் வேலையை அருகிலிருந்து பார்க்க முடிந்தது. வயலில் வெறும் குழாயை மட்டும்தான் பதிக்கிறார்கள், இழை பிறகு வரும். குழாயின் ஒரு முனையில் அழுத்தக் காற்றைச் செலுத்தி, அதனோடு இழையையும் விட்டால் காற்றே அதைத் தூக்கிக்கொண்டு மறுமுனை வரை ஓடும். தடங்கல் இல்லாவிட்டால் ஒரு கிலோமீட்டரை அரை மணிக்குள் கடந்துவிடும். எங்காவது குழாய் நெரிந்திருந்தால் அங்கே நிற்கும். யார் வயல் என்று பார்த்துத் தோண்ட வேண்டும்.

இரண்டு இழைகளை ஒட்டுவதுதான் கண்ணுக்கு விருந்து. இழையின் மொத்தத் தடிமனே 125 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடி. அதற்குள் ஒளி ஓடும் மையம் ஒன்பது மைக்ரான்தான். முனையைச் சீராக வெட்டித் துடைத்து, சிறு பெட்டி போன்ற இயந்திரத்துக்குள் எதிரெதிரே வைத்தால், திரையில் இரண்டு முனைகளும் தூண்களைப் போலப் பெரிதாகத் தெரிகின்றன. ஒரு மின்பொறி. இரண்டும் உருகி ஒன்றாகிவிட்டன. தொடக்க காலத்தில் இந்த வேலையை ஊர்க்காரர்களே கற்றுக்கொண்டு செய்தார்கள். வாழ்நாள் முழுக்கத் தையல் ஊசியில் நூல் கோத்த கைகளுக்கு இது பெரிய வித்தையாகத் தெரியவில்லை என்று சொல்லிச் சிரித்தார் அங்கிருந்த ஒரு மூத்த பெண்மணி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனங்கள் வழக்கமாக ஒரே இழையை வழியில் பிரித்துப் பல வீடுகளுக்குப் பங்கிடும், செலவு மிச்சம். பாரி ஃபோர்ட் அப்படிச் செய்யவில்லை. ஊர்மையத்துச் சிறு கருவிக் கூடத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இழை. நாளைக்கு வேகத்தைப் பத்து மடங்கு ஏற்ற வேண்டுமென்றால் இரண்டு முனைக் கருவிகளையும் மாற்றினால் போதும், வயலைத் தொட வேண்டாம். ஐம்பது ஆண்டு யோசித்து ஆலமரம் நடுகிற புத்தி.

பாதை சுமுகமாக இருந்துவிடவில்லை. நாட்டுப்புற இணையத்துக்கென்று பிரிட்டிஷ் அரசு ஒதுக்கிய பெரும்பணத்தின் முதல் கட்டத்தில் 44 ஒப்பந்தங்களும் பி.டி. என்ற ஒரே நிறுவனத்துக்குப் போயின. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2013இல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. இங்கே டால்ஃபின்ஹோம் என்ற ஊரில் ஊர்க்காரர்கள் பங்கு சேர்த்துத் தோண்டிக்கொண்டிருந்தபோது, அதே ஊருக்கு மானியப் பணத்தில் நிறுவனத்தின் பெட்டி வந்து நின்றது. மக்கள் பணத்தைக் கொண்டே மக்கள் கட்டியதற்குப் போட்டியா என்று பெரிய சண்டை. நிறுவனத்துக்கும் சொல்ல ஒரு நியாயம் இருந்தது. மாவட்டத்தோடு போட்ட ஒப்பந்தப்படி வேலை செய்கிறோம், ஒரு கிராமச் சங்கம் தாக்குப்பிடிக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது என்றார்கள். சங்கம் தாக்குப்பிடித்தது. பின்னால் அரசே கொள்கையை மாற்றி, 2019இலிருந்து நாட்டுப்புற வீடுகளுக்கு 1,500 பவுண்டு வரை மதிப்புள்ள இணையச் சீட்டைக் கொடுத்தது. திட்டத்தில் பதிவு செய்த எந்த நிறுவனத்திடமும் சீட்டைக் கொடுக்கலாம். ஊர்க்காரர்கள் சீட்டுகளைச் சேர்த்து ‘பார்ன்’ கையில் கொடுத்தார்கள். சங்கம் வேகமாக வளர்ந்தது அதற்குப் பிறகுதான். அரசு உதவியே இல்லாமல் நடந்தது என்று இங்கே சிலர் பெருமை பேசும்போது இந்தச் சீட்டுகளை மறந்துவிடுகிறார்கள்.

மறக்கக் கூடாத வேறு சிலவும் உண்டு. தோண்டுகிறவர்களில் தலை நரைக்காதவர்களை எண்ணிவிடலாம். ஓய்வூதியமும் ஓய்வு நேரமும் உள்ளவர்களால் கட்டப்பட்ட வலை இது. ஆயிரம் பவுண்டைச் சில ஆண்டுகள் முடக்கிப்போட முடிந்தவர்கள் கணிசமாக இருந்த பள்ளத்தாக்கு. பக்கத்திலேயே ஒரு பல்கலைக்கழகம், அங்கிருந்து வந்த ஒரு வலையமைப்பு வல்லுநர். நிலமும் சில இடங்களில் பெரும் பண்ணைகளாக ஒரே கையில் இருக்கிறது. அபிஸ்டெட் பண்ணை வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு குடும்பத்துடையது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரே கையெழுத்து பல கிலோமீட்டர் வழி திறக்கும். இதையெல்லாம் தள்ளிவிட்டு, மனமிருந்தால் மார்க்கமுண்டு என்று எழுதுவது ஏமாற்று. காட்டலோனியாவில் குர்ப் என்ற ஊரில் 2004இல் தொடங்கிய குய்ஃபி வலை முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்பு முனைகளாகப் பெருகியிருக்கிறது. அதன் அமைப்பு முறையே வேறு. அங்கே யார் வேண்டுமானாலும் தன் பகுதியைச் சேர்த்துக் கட்டலாம், வலை எல்லோருக்கும் பொது. ஒரு ஊரில் வேலை செய்த வடிவத்தை அப்படியே பெயர்த்து நட முடியாது.

வரும் வழியில் மான்செஸ்டருக்கு அருகே ராச்டேலில் ஒரு பகல் தங்கியிருந்தேன். டோட் லேன் தெருவில் ஒரு சிறிய செங்கல் கட்டடம், இப்போது அருங்காட்சியகம். 1844 டிசம்பர் 21 அன்று நெசவாளிகளும் மற்ற தொழிலாளிகளும் சேர்ந்த ஒரு சிறு கூட்டம் அங்கே கூட்டுறவுக் கடை திறந்தது. வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், கொஞ்சம் மெழுகுவர்த்தி. கலப்படமும் எடைக்குறைவும் இல்லாத சரக்கு, எவ்வளவு பங்கு போட்டாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. ராச்டேலும் அன்றைய லங்காஷயர்தான். அந்தக் கடைக்கும் மெல்லிங் ரயில் முற்றத்துக்கும் பேருந்தில் போகிற தூரம், இடையில் நூற்றறுபது ஆண்டுக்கு மேல். விதி ஒன்றே. அதே ராச்டேலைப் பார்த்துத்தான் 1904இல் திருவல்லிக்கேணியில் சில அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். டி.யு.சி.எஸ். கடையில் ரேஷன் அரிசி வாங்கிய சென்னைவாசிகளில் எத்தனை பேருக்கு அது ஒரு லங்காஷயர் நெசவாளியின் யோசனை என்று தெரிந்திருக்கும்? நம் கைத்தறியை நொடிக்கச் செய்த ஆலைத்துணியும் இதே லங்காஷயரிலிருந்துதான் கப்பலேறியது.

தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் வேலையை டான்ஃபினெட் என்ற அரசுக் கழகம் செய்கிறது. அது வேண்டாமென்று நான் சொல்ல மாட்டேன். தெருவுக்கு மூன்று வீடு இருக்கும் மலைக்கிராமத்துக்கு அரசைத் தவிர யாரும் போகப் போவதில்லை. ஊராட்சி அலுவலகம் வரை வந்த கம்பி அங்கிருந்து எங்கே போகும், யார் கையில் போகும் என்பதில்தான் என் யோசனை.

மெல்லிங்கில் கடைசி மாலை, மதுக்கடையில் ஓர் ஓய்வுபெற்ற உழவர் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். கேக் விஷயம் உட்பட. உங்கள் ஊரில் இலவசமாக வழி விடுவார்களா என்று கேட்டார். விட்டிருக்கிறார்கள் என்றேன். தொண்ணூறுகளில் எங்கள் தெருக்களில் இரண்டு மூன்று இளைஞர்கள் சேர்ந்து ஒரு மொட்டை மாடியில் டிஷ் வைத்தார்கள். அங்கிருந்து மாடிக்கு மாடி, மாமரத்துக்கு மாமரம் கறுப்புக் கம்பி தாவிப் போனது. யாரும் வாடகை கேட்கவில்லை. டிஷ் இருந்த வீட்டுக்கு மட்டும் சந்தா இல்லாமல் படம் தெரியும், அவ்வளவுதான். ஒரு கையெழுத்துக்கூட இல்லாமல் மாநிலம் முழுக்கக் கேபிள் டிவி வந்தது அப்படித்தான்.

அவர் கவனமாகக் கேட்டார். ‘அந்தப் பையன்கள் தெருக்காரர்களுக்குப் பங்கு விற்றார்களா?’

‘இல்லை. மாதச் சந்தாதான் வாங்கினார்கள்.’

‘அப்படியானால் கம்பி அவர்களுடையது. விற்றிருப்பார்கள்.’

விற்றார்கள் என்றேன். பெரிய நிறுவனங்கள் வந்தன, சிறியவர்கள் அவற்றின் முகவர்களானார்கள், கடைசியில் 2007இல் அரசே ஒரு கேபிள் கழகம் தொடங்க வேண்டியதாயிற்று. அவர் தலையாட்டினாரே ஒழிய ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. பிறகு பேச்சை வேறு பக்கம் திருப்பினார். போன மாதம் பக்கத்து ஊரில் ஒன்பது வீடுகளுக்கு அரைநாள் இணையம் இல்லாமல் போனதாம். வேலிக்குக் கம்பம் நட்டவர் இரும்புக் கடப்பாரையால் ஆரஞ்சுக் குழாயைக் குத்திக் கிழித்துவிட்டார். இடத்தைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. யார் அந்த ஆள் என்று கேட்டேன்.

‘நான்தான்’ என்றார். ‘அந்தக் குழாயைப் பதித்ததும் நான்தான்.’